பிக் கொடுப்பவர் சொல்லாத எண்

பிள்ளைகள் எம்.எஸ். படிக்க அமெரிக்கா போன வீடுகளில் ஒரு மாற்றத்தைக் கவனித்திருப்பீர்கள். கிரிக்கெட்டைத் தவிர வேறெதையும் பார்க்காத அப்பாக்கள் கூட மார்ச் மாதம் வந்தால் காலேஜ் பாஸ்கெட்பால் பேசுகிறார்கள். மொத்தம் 68 டீமாம், ஒரு தடவை தோற்றால் அவுட்டாம், பையன் படிக்கிற யுனிவர்சிட்டியும் ஆடுதாம். இதற்கு 'மார்ச் மேட்னஸ்' என்று பெயர். இங்கே நாக்பூரில் எங்கள் காலனியிலேயே அப்படி இரண்டு மூன்று தமிழ்க் குடும்பங்கள் உண்டு. நல்ல விஷயம்தான். விறுவிறுப்பான ஆட்டம்.

ஆனால் ஆட்டத்தோடு கூடவே இன்னொரு சரக்கும் வருகிறது. ஆட்டத்துக்கு முந்தின நாள் சுற்றுக்கு விடப்படும் முன்னோட்டக் கட்டுரைகள். இந்த டீமின் டிஃபன்ஸ் எப்படி, அந்த டீமில் யார் ஃபார்மில் இருக்கிறார், போன ஐந்து ஆட்டத்தில் என்ன ஆச்சு என்று எட்டுப் பத்தி எழுதிவிட்டு, கடைசி வரியில் "நம்ம பிக்: இன்னார், மைனஸ் ஒன்றரை" என்று முடிப்பார்கள். பங்குச் சந்தை ரிப்போர்ட் மாதிரியே இருக்கும். படிக்கிற பிள்ளைக்கு, இவ்வளவு ஆராய்ந்து சொல்கிறாரே, பத்து டாலர் வைத்தால் என்ன என்று தோன்றும்.

என் கட்சி இதுதான்: இந்த முன்னோட்டங்கள் ஆட்டத்தைப் பற்றிப் பேசுகின்றன, விலையைப் பற்றி மூச்சு விடுவதில்லை. விலை சொல்லாமல் 'வாங்கு' என்பவர் கொடுப்பது ஆலோசனை அல்ல.

சும்மா சொல்லாமல் ஒரு நிஜ ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2025 ஏப்ரல் 7, சான் அன்டோனியோ, இறுதி ஆட்டம். ஃப்ளோரிடாவும் ஹூஸ்டனும். நமக்கு அது ஏப்ரல் 8 விடிகாலை.

அதற்கு ஒரு முன்னோட்டம் எழுதச் சொன்னால் நானே எழுதிவிடுவேன். இரண்டு டீமும் அந்த சீசனில் அதுவரை 35 வெற்றி, 4 தோல்வி. ஹூஸ்டனின் பலம் டிஃபன்ஸ். எதிராளியை சராசரியாக ஓர் ஆட்டத்துக்கு 60 புள்ளிக்குள் அடக்கிய டீம். கோச் கெல்வின் சாம்ப்சன் பழம் தின்று கொட்டை போட்டவர். அரையிறுதியில் டியூக்கிடம் 14 புள்ளி பின்தங்கியிருந்து, கடைசி நிமிடத்தில் வரிசையாகப் புள்ளிகளைக் குவித்து 70-67 என்று ஜெயித்தார்கள். ஃப்ளோரிடாவின் பலம் அடித்து ஆடுவது. அரையிறுதியில் வால்ட்டர் க்ளேட்டன் ஜூனியர் தனி ஆளாக 34 புள்ளி எடுத்து ஆபர்னைச் சாய்த்தார். ஆக, சிறந்த அட்டாக் எதிர் சிறந்த டிஃபன்ஸ். 'லைன்' ஃப்ளோரிடா மைனஸ் ஒன்று, ஒன்றரை என்று இருந்தது. அதாவது ஃப்ளோரிடா மேல் பணம் வைத்தால் அவர்கள் ஜெயித்தால் மட்டும் போதாது, ஒன்றரைப் புள்ளிக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயிக்க வேண்டும். ஹூஸ்டன் மேல் வைத்தால் அவர்கள் ஒரே ஒரு புள்ளியில் தோற்றாலும் உங்களுக்குப் பணம்.

என்ன நடந்தது? முன்னோட்டத்தின் கதாநாயகன் க்ளேட்டன் முதல் பாதியில் ஒரு புள்ளி கூட எடுக்கவில்லை. இரண்டாம் பாதியில் ஹூஸ்டன் 12 புள்ளி முன்னால் போனது. பிறகு ஃப்ளோரிடா திரும்பி வந்து 65-63. கடைசி விநாடிகளில் பந்து ஹூஸ்டன் கையில். ஒரு மூன்று புள்ளி விழுந்தால் கோப்பை அவர்களுக்கு. அவர்கள் ஆள் எறிய எழும்பினார், க்ளேட்டன் குறுக்கே பாய்ந்தார், எறிய வழியில்லாமல் பந்தைக் கீழே விட்டார். முடிந்தது.

வித்தியாசம் இரண்டு. ஃப்ளோரிடா பிக் கொடுத்தவர் மறுநாள் மேதை. ஹூஸ்டன் பிக் கொடுத்தவர் மடையர். ஆனால் இருவர் எழுதியதிலும் ஒரு வரி கூடத் தப்பில்லை. டிஃபன்ஸ் பற்றிச் சொன்னதும் சரி, அட்டாக் பற்றிச் சொன்னதும் சரி. பணத்தைத் தீர்மானித்தது கடைசி நொடியில் எறியப்படாமல் போன ஒரு பந்து. அதை எந்த முன்னோட்டமும் சொல்ல முடியாது.

இது ஏதோ ஓர் ஆட்டத்தின் விதி அல்ல. லைன் போடுவதன் வேலையே அதுதான். 1940களில் சிகாகோவில் சார்ல்ஸ் மெக்நீல் என்கிற முன்னாள் கணக்கு வாத்தியார் இந்த 'பாயிண்ட் ஸ்ப்ரெட்' முறையைக் கொண்டுவந்தார் என்று பொதுவாகச் சொல்வார்கள். பலசாலி, நோஞ்சான் என்ற வித்தியாசத்தை எண்ணாக்கிக் கழித்துவிட்டால் மிஞ்சுவது ஏறக்குறைய பூவா தலையா. கென் பாமராய் என்பவர் ஒவ்வொரு டீமும் நூறு பொசஷனுக்கு எத்தனை புள்ளி எடுக்கிறது, எத்தனை கொடுக்கிறது என்று வருடக்கணக்காகக் கணக்கிட்டு வெளியிடுகிறார். முன்னோட்டம் எழுதுபவர்கள் அதைத்தான் எடுத்தாள்கிறார்கள். லைன் போடுகிற கம்பெனியிடம் அந்தக் கணக்கும் இருக்கிறது, அதற்கு மேலும் இருக்கிறது. காலாண்டு லாபம் பேப்பரில் வந்த பிறகு அந்தச் செய்திக்காகப் பங்கு வாங்குவது மாதிரிதான் இது. விலையில் அது ஏற்கெனவே ஏறியிருக்கும்.

சரி, பூவா தலையா என்றால் நஷ்டமும் இல்லை லாபமும் இல்லைதானே, பொழுதுபோக்குக்கு ஆடட்டுமே என்பீர்கள். இங்கேதான் அந்தச் சொல்லாத எண் வருகிறது.

வழக்கமான விலை மைனஸ் 110. அதாவது 100 டாலர் லாபம் பார்க்க 110 டாலர் வைக்க வேண்டும். கணக்குப் போடுவோம், பி.காம். கணக்குதான், பயப்படாதீர்கள் :-)

1. 100 ஆட்டம், ஒவ்வொன்றிலும் 110 டாலர். மொத்தம் வைத்தது 11,000.
2. பாதிக்குப் பாதி ஜெயித்தால் வரவு 50 x 100 = 5,000.
3. தோற்ற 50-ல் செலவு 50 x 110 = 5,500.
4. நிகர நஷ்டம் 500 டாலர். வைத்த பணத்தில் சுமார் 4.5 சதவீதம்.

நஷ்டமில்லாமல் கையைக் கடிக்காமல் நிற்கவே நூற்றுக்கு 52.4 ஆட்டம் சரியாகச் சொல்ல வேண்டும். எங்கள் தொழிலில் டெபாசிட்டுக்கும் கடனுக்கும் நடுவே ஒரு வருஷம் முழுக்க உழைத்து நிற்கிற மார்ஜின் மூன்று சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். அதற்கே வட்டிக்காரன் என்று திட்டு வாங்குகிறோம். இங்கே இரண்டு மணி நேர ஆட்டத்துக்கு நாலரை!

மூன்று ஆட்டத்தைச் சேர்த்துக் கட்டும் 'பார்லே' இன்னும் மோசம். மூன்றும் சரியாக வர எட்டில் ஒரு வாய்ப்பு. நியாயமாக ஒரு டாலருக்கு எட்டு டாலர் திரும்பி வர வேண்டும். மைனஸ் 110 விலையில் பெருக்கிப் பார்த்தால் ஏழு டாலருக்குச் சற்றுக் குறைவாகத்தான் வரும். நூற்றுக்குப் பதின்மூன்று போச்சு. பெரிய பரிசு காட்டி அதிகக் கமிஷன் எடுப்பது எல்லா ஊர் லாட்டரிக்கும் பொது.

"இல்லை சார், இவர் போன மாதம் 20-க்கு 12 சரியாகச் சொன்னார்" என்பார்கள். ஒரு நாணயத்தை 20 முறை சுண்டினால் 12 அல்லது அதற்கு மேல் பூ விழ வாய்ப்பு நாலில் ஒன்று. நூறு பேர் கண்ணை மூடிக்கொண்டு பிக் கொடுத்தால் 25 பேர் அந்த ரிக்கார்டோடு நிற்பார்கள். மற்ற 75 பேர் ரிக்கார்டைப் பேசமாட்டார்கள், அவ்வளவுதான். சீசன் முழுக்க 100 ஆட்டம் ஆடினாலும் வெறும் அதிர்ஷ்டத்தால் பத்தில் மூன்று பேர் லாபத்தில் முடிப்பார்கள். ஹாஸ்டலில் சத்தமாகப் பேசுவது அந்த மூன்று பேர்தான். எனக்குப் பயம் தோற்ற ஏழு பேரைப் பற்றி அல்ல, ஜெயித்த மூன்று பேரைப் பற்றி. அடுத்த சீசனில் பத்து டாலர் நூறாகும்.

நிஜமாகவே 54, 55 சதவீதம் அடிக்கிறவர்கள் இல்லையா? மிகச் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது முழுநேர வேலை. அப்படி ஒருவரைக் கண்டுபிடித்தால் பல கம்பெனிகள் அவர் வைக்கும் தொகைக்கே உச்சவரம்பு போட்டுவிடும். தொடர்ந்து தோற்பவருக்கு அப்படி எந்தத் தடையும் கிடையாது. இந்த ஒரு வழக்கத்தை வைத்தே வியாபாரம் யாருக்காக நடக்கிறது என்று புரிந்துகொள்ளலாம். பிக் எழுதும் பக்கங்கள் பலவும் ஆள் சேர்த்துவிட்டதற்கு இதே கம்பெனிகளிடம் கமிஷன் வாங்குபவை. பாங்க்கிலும் நாங்கள் இன்சூரன்ஸ் விற்கிறோம், கமிஷன் உண்டு. ஆனால் அதற்கு வரம்பு, கையெழுத்து, கேள்வி கேட்க ஒரு ஒழுங்குமுறை ஆணையம் எல்லாம் இருக்கிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. ஆடுபவர்கள் பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகள். ஸ்ப்ரெட் வந்ததிலிருந்தே ஒரு விபரீதமும் கூட வந்தது. தோற்க வேண்டாம், கொஞ்சம் குறைவாக ஜெயி என்று வீரனை விலைக்கு வாங்கலாம். நியூயார்க் சிட்டி காலேஜ் 1950-ல் ஒரே வருஷத்தில் என்.சி.ஏ.ஏ., என்.ஐ.டி. இரண்டு கோப்பையும் ஜெயித்தது. 1951-ல் அதே டீமின் பையன்கள் புள்ளி குறைக்கப் பணம் வாங்கியதற்காகக் கைதானார்கள். 1978-79 சீசனில் பாஸ்டன் காலேஜிலும் இதே கதை. 2018 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1992-ஆம் வருஷத்துத் தடைச் சட்டத்தை ரத்து செய்த பிறகு, பெரும்பாலான மாநிலங்களில் பந்தயம் சட்டப்படி செல்போனுக்குள்ளேயே வந்துவிட்டது. ஒவ்வொரு வீரரின் தனிப் புள்ளி மேலும் பணம் வைக்கலாம். பந்தயத்தில் தோற்றவன் அந்தப் பையனுக்கே வசை அனுப்புகிறான். கல்லூரி வீரர்கள் மேல் இப்படித் தனித்தனியாகப் பந்தயம் வைப்பதை நிறுத்துங்கள் என்று என்.சி.ஏ.ஏ. தலைவர் சார்லி பேக்கர் 2024-ல் மாநிலங்களைக் கேட்டுக்கொண்டார். நம் பிள்ளையின் கிளாஸில் பக்கத்து பெஞ்சில் உட்காருகிறவனாகக் கூட அந்த வீரன் இருக்கலாம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி நம் வீட்டுக் கதை. நம்மில் பலருக்கு ஊரில் பூர்வீக நிலம் ஒன்றுமில்லை. மாற்றலாகி மாற்றலாகி ஊர் ஊராகப் போய்ச் சேர்த்த பி.எஃப்., ஒரு ஃப்ளாட், அதை அடமானம் வைத்து வாங்கிய கல்விக் கடன், அவ்வளவுதான். படிக்கிற காலத்திலும் வட்டி ஏறிக்கொண்டுதான் இருக்கும். பணம் அனுப்ப ஏ2 படிவத்தில் 'படிப்புச் செலவு' என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறீர்கள். லாட்டரி சீட்டு, ஃபுட்பால் பூல், ஸ்வீப்ஸ்டேக்ஸ் போன்றவற்றுக்கு வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பக் கூடாது என்று 2000-ஆம் வருஷத்து ஃபெமா விதிகளிலேயே இருக்கிறது. இங்கே உள்நாட்டிலும், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் நிறைவேற்றியது. அதற்கான பணப் பரிமாற்றத்தை பாங்க்குகள் செய்யக்கூடாது என்றும் அதில் இருக்கிறது. அமெரிக்காவில் 21 வயதானவனுக்குப் பல மாநிலங்களில் சட்டம் குறுக்கே நிற்காது. அங்கே அவனுக்குக் காவல் அவனுடைய கணக்கறிவு மட்டும்தான்.

அதனால் பிள்ளையிடம் 'சூதாடாதே' என்று உபதேசம் செய்யாதீர்கள். இருபத்திரண்டு வயசுக்காரன் உபதேசத்துக்குக் காது கொடுக்கமாட்டான். இன்ஜினியரிங் படித்தவன், கணக்குக்குக் கொடுப்பான். அடுத்த முறை ஒரு பிக் ஃபார்வர்டு வந்தால் மூன்றே கேள்வி கேட்கச் சொல்லுங்கள். இந்தப் பிக் சரியாக வர எத்தனை சதவீதம் வாய்ப்பு என்று எழுதியவர் சொல்லியிருக்கிறாரா? அது 52.4-ஐத் தாண்டுகிறதா, ஏன்? இவர் இதுவரை கொடுத்த எல்லாப் பிக்கும், தோற்றவை உட்பட, ஒரே இடத்தில் பார்க்கக் கிடைக்கிறதா? மூன்றுக்கும் பதில் உள்ள முன்னோட்டம் அவன் கண்ணில் படுவது அபூர்வம்.

ஆட்டத்தைத் தாராளமாகப் பார்க்கட்டும். ஃப்ளோரிடா-ஹூஸ்டன் மாதிரி ஓர் ஆட்டத்தின் கடைசி நிமிடத்தை ரசிக்க ஒன்றரைப் புள்ளி கணக்கு தேவையே இல்லை. பணம் வைத்தவனுக்கு அந்த நிமிடத்தில் கண்ணில் ஆட்டம் தெரியாது, அவன் 110 டாலர்தான் தெரியும்.