இருவர் ஊரும் சைக்கிள்

தரைமீது விரைந்து செல்லும் பொருட்டு மனிதன் ஆக்கிய ஊர்திகள் பலவற்றுள், புல்லும் கொள்ளும் வேண்டாது, நிலக்கரியும் எண்ணெயும் வேண்டாது, ஊர்பவனுடைய கால்வலிமை ஒன்றையே உணவாகக் கொண்டு ஓடுவது சைக்கிள். அவ்வினத்தில் ஒரு கிளை, இருவர் ஒருவர்பின் ஒருவராக அமர்ந்து, இருவருமே மிதித்துச் செலுத்துவது. ஆங்கிலேயர் அதனை டாண்டெம் என்பர். மேனாட்டில் அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன் சாலைகளில் ஓடிய அவ்வண்டிகளிற் பல, இன்று பொருட்காட்சிச் சாலைகளில் நிற்கின்றன. சில, சிற்றுண்டிச் சாலைச் சுவர்களில் அலங்காரமாகத் தொங்குகின்றன. அவற்றைக் கண்டு, காதலர் விளையாட்டிற்கு ஆன பொம்மை என்று நகைத்துச் செல்வோர் பலர். அழகிய பழம்பொருள் என்று வியந்து படம் பிடித்துச் செல்வோர் வேறு சிலர். இவ்விரு திறத்தாரும் அதன் பயனை உணர்ந்திலர் என்பது நம் கருத்து. வலிமையில் ஒவ்வாத இருவரை ஒரே வழியில், ஒரே வேகத்தில் கொண்டு செல்வது எங்ஙனம் என்ற வினாவிற்குக் கைத்தொழில் வல்லார் கண்ட விடையே டாண்டெம். அவ்விடைக்கு இன்றும் வேலை உண்டு என்பதை இங்குக் காட்ட விரும்புகிறோம்.

முதற்கண் பெயரைப் பார்ப்போம். டாண்டெம் என்பது இலத்தீன் சொல்; ‘கடைசியாக’, ‘நெடுநேரம் கழித்து’ என்று பொருள்படுவது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கில நாட்டார், இரு குதிரைகளைப் பக்கம் பக்கமாகப் பூட்டாமல் ஒன்றன்முன் ஒன்றாக நீளத்திற் பூட்டிய வண்டியை விளையாட்டாக அச்சொல்லால் அழைத்தனர். காலத்தின் நீட்சியைக் குறித்த சொல், சிலேடையால் வடிவத்தின் நீட்சியைக் குறிப்பதாயிற்று. பின்னர் அப்பெயர் குதிரையினின்று இறங்கிச் சைக்கிளில் ஏறிக்கொண்டது.

ஆயினும் இருவர் ஊரும் வண்டி தொடக்கத்தில் நீளவாட்டில் அமையவில்லை. கவண்ட்ரி நகரத்து ஜேம்ஸ் ஸ்டார்லி முதலியோர் செய்தவை, இருவர் அருகருகே அமர்ந்து உரையாடிக்கொண்டு செல்லத்தக்க மூன்றுருளி, நான்குருளி வண்டிகளே. அவற்றில் ஓர் இடர் தோன்றிற்று. இருவரில் வலியவர் அழுத்தி மிதிக்கும்போது அவர்பக்கத்து உருளை முந்தும். வண்டி எளியவர் பக்கமாக வளைந்து போகும். ஸ்டார்லி தம் மகனோடு அத்தகைய வண்டியில் சென்றபோது இதனை நேரிற் கண்டார் என்றும், அதன்பின் 1877-ஆம் ஆண்டில், இருபுறத்து உருளைகளும் தத்தமக்கு வேண்டிய வேகத்தில் சுழலுமாறு இரு மிதிப்பையும் பகிர்ந்தளிக்கும் பற்சக்கர அமைப்பை அவ்வண்டியில் வைத்தார் என்றும் கூறுவர். இன்று மோட்டார் வண்டி வளைவில் இடரின்றித் திரும்புவதும் அதே தத்துவத்தாலேயாம். தந்தையும் மகனும் ஒத்து மிதிக்க இயலாமற்போனதிலிருந்து சைக்கிள் உலகு பெற்ற பயன் இது.

அருகருகே அமரும் வண்டி அகலத்தில் பெரியது. காற்றை மிகுதியாக எதிர்ப்பது. குறுகிய வாயில்களில் நுழையாதது. 1885-இல் ஜேம்ஸ் ஸ்டார்லியின் உடன்பிறந்தார் மகனாகிய ஜான் கெம்ப் ஸ்டார்லி, இரு உருளைகளும் ஏறக்குறைய ஓரளவாக உள்ள ரோவர் சைக்கிளை வெளியிட்டார். 1888-இல் பெல்பாஸ்டில் கால்நடை வைத்தியராக இருந்த ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயருக்கு உரிமை பெற்றார். இவ்விரண்டும் கூடியபின், சட்டத்தை நீட்டி இரண்டாம் ஆசனம் அமைத்தல் எளிதாயிற்று. 1890-களில் டாண்டெம் தழைத்தது. ஆசை அங்கும் நிற்கவில்லை. மூவர், நால்வர் ஏறும் வண்டிகள் பந்தயத் தளங்களில் தனி வீரர்களுக்கு முன்னே காற்றை விலக்கிக்கொண்டு ஓடின; 1896-இல் அமெரிக்காவின் வால்தம் நகரில் பத்துப் பேர் ஏறும் ‘ஓரிட்டன்’ என்னும் வண்டியே செய்யப்பட்டது.

இக்காலத்து வண்டிகளில் நாம் ஊன்றி நோக்கத்தக்கது ஆசன வரிசை. அந்நாளைய மேனாட்டு உபசாரமுறைப்படி பெண்ணைப் பின்னே இருத்தி ஆடவன் தன் முதுகைக் காட்டுதல் நாகரிகமன்று. ஆகவே பல டாண்டெம்களில் முன்னாசனம் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது. நீண்ட பாவாடை தடைப்படாதவாறு முற்பகுதிச் சட்டம் தாழ வளைக்கப்பட்டது. ஆனால் வண்டியைத் திருப்பும் அதிகாரத்தை ஆடவன் விட்டுக்கொடுக்க மனங்கொள்ளவில்லை. பின்னிருந்த அவன் கைப்பிடியிலிருந்து முன்கைப்பிடிக்கு ஓர் இணைப்புக் கம்பி ஓடிற்று. முன்னிடமும் காட்சியும் பெண்ணுக்கு. திசை மட்டும் ஆடவனுக்கு. மரியாதையையும் ஆட்சியையும் இங்ஙனம் பிரித்து வைத்த ஏற்பாடு யந்திரத்திற்கு ஒவ்வவில்லை. இணைப்புக் கம்பியால் எடை கூடிற்று. மூட்டுகள் தேய்ந்து ஆடின. இரு கைகள் இரு பக்கம் திருப்ப முயன்றால் வண்டி தடுமாறிற்று. நாளடைவில், முன்னிருப்பவர் யாராயினும் அவரே திருப்புவது என்று முடிவாயிற்று. பெண்ணின் ஆசனமும், தாழ்ந்த சட்டமும், பின்னுக்குச் சென்றன. பெண்டிர் சைக்கிளுக்கேற்ற உடை உடுக்கத் தொடங்கியபின் தாழ்ந்த சட்டத்தின் தேவையும் குறைந்தது. ஒரு சமுதாயம் தன் மனத்திலுள்ளதை ஏட்டில் மறைத்தாலும் இரும்பில் மறைத்தல் அரிது என்பதற்கு இஃதொரு சான்று.

இனி, வண்டியின் கட்டமைப்பைச் சிறிது ஆராய்வோம். தனிச் சைக்கிளின் சட்டம் இரு முக்கோணங்கள் சேர்ந்தது. முக்கோணம் எளிதில் நெளியாது. டாண்டெத்திலோ நடுவே நாற்கோணம் ஒன்று புகுந்துவிடுகிறது, நாற்கோணம் நெளியும். மேலும் இருவர் மாறி மாறி வலப்புறமும் இடப்புறமும் அழுத்துவதால் நெடிய சட்டம் முறுக்குண்ணும். இதனைத் தடுக்கக் கைவினைஞர் குறுக்கே ஒரு குழாயைச் செலுத்தினர். சிலர் அதனைக் கைப்பிடித் தண்டின் அடியிலிருந்து பின்மிதி அச்சிற்கும், சிலர் பின்னுருளை அச்சுவரைக்கும் கொண்டு சென்றனர். இரு மிதி அச்சுகளையும் இணைக்கும் அடிக்குழாயைத் தடித்ததாகவோ முட்டைவடிவினதாகவோ அமைத்தனர். பர்மிங்காமில் ரேனால்ட்ஸ் நிறுவனத்தார் 1935-இல் வெளியிட்ட ‘531’ என்னும் மாங்கனீசு மாலிப்டினக் கலப்பெஃகுக் குழாய், எடை குறைந்தும் உறுதி குறையாத டாண்டெம்களுக்கு வழிசெய்தது. அக்காலத்து இலண்டனில் கிளாட் பட்லரும், போருக்குப்பின் ஸ்டாக்டன் நகரில் ஜாக் டெயிலர் சகோதரரும், பாரிசில் ரெனே ஹெர்ஸ், அலெக்ஸ் சிங்கர் என்போரும் செய்த வண்டிகளை இன்றும் சைக்கிள் அன்பர் தேடிப் போற்றுகின்றனர். அவற்றில் அலங்காரம் குறைவு. ஒவ்வொரு குழாயும் ஒரு வேலைக்காகவே நிற்கின்றது. கண்ணுக்குத் தோன்றும் அழகு அதன் விளைவே.

உருளைக்கும் சுமை இரட்டிப்பு. ஆங்கில நாட்டுப் பழைய தனிச் சைக்கிளில் முன்னே 32, பின்னே 40 ஆரக்கம்பிகள் இருப்பது வழக்கம். டாண்டெம் உருளைகளுக்கு 40 அல்லது 48 கம்பிகள் வைத்தனர். இறக்கத்தில் விரையும் இருவர் சுமையை விளிம்புப் பிரேக்கு மட்டும் அடக்கினால் விளிம்பு கொதித்து டயர் வெடிக்கவும் கூடும். ஆகையால் உருளையின் குடத்தினுள்ளே பறைவடிவப் பிரேக்கு ஒன்றையும் கூட்டினர். இரு மிதிகளையும் பிணைக்கும் சங்கிலி தளர்ந்தால் இறுக்குதற்கு, முன்மிதி அச்சை மையம் விலகிய ஒரு வளையத்துள் வைத்தனர்; வளையத்தைச் சற்றே திருப்பினால் அச்சு முன்னே நகரும், சங்கிலி இறுகும். இதனினும் எளிய உபாயத்தை நாம் அறியோம்.

அச்சங்கிலியால் இருவர் கால்களும் ஒரே கதியில் சுழல வேண்டியவை ஆகின்றன. ஒருவர் மிதிக்க மற்றவர் சும்மா கால்வைத்திருக்கலாம். ஆனால் ஒருவர் நிறுத்த மற்றவர் சுழற்ற இயலாது. முன்னிருப்பவரைத் தலைவர் என்றும், பின்னிருப்பவரை, நீராவி யந்திரத்தில் கரி தள்ளுவோன் பெயரால், ஸ்டோக்கர் என்றும் வழங்குவர். பின்னவர் பாதையைக் காணார். மேடோ பள்ளமோ வந்தால் முன்னவர் உரக்கச் சொல்ல வேண்டும். சொல்லாமல் பிரேக்கு அழுத்துதல் பெரும்பிழை. தலைமை என்பது பின்னே காணாமல் அமர்ந்திருப்பவருக்கு ஓயாது கணக்குச் சொல்லும் கடமை என்பதை இதனினும் நன்றாகக் கற்பிக்கும் பாடசாலை அரிது. நம் தெருக்களில் சைக்கிளின் பின்கேரியரில் ஒருவரை ஏற்றிச் செல்லும் வழக்கம் உண்டன்றோ? அங்குப் பின்னிருப்பவர் சுமை. டாண்டெத்தில் அவர் பங்காளி.

டாண்டெம் விளையாட்டுப் பொம்மை என்போர்க்கு ஒரு சொல். இருவர் வலிமை அதனை ஓட்டுகிறது. பின்னவர் முன்னவர் மறைவில் இருப்பதால், தனித்தனியே செல்லும் இருவரைக் காட்டிலும் இவ்விருவரும் சேர்ந்து ஏற்கும் காற்றெதிர்ப்பு வெகு குறைவு. ஆகவே சமநிலத்திலும் இறக்கத்திலும் அது தனிச் சைக்கிளை வெல்லும். ஏற்றத்தில்தான் அம்மேன்மை மறையும். ஒலிம்பிக் பந்தயங்களில் 1908-ஆம் ஆண்டில் இலண்டனிலும், பின்பு 1920 முதல் 1972 மியூனிக் வரையிலும் டாண்டெம் ஓட்டம் இடம்பெற்றது. 1892-இல் ஹாரி டேக்கர் இயற்றிய ‘டெய்சி பெல்’ என்னும் பாட்டு இவ்வண்டியைக் காதலர்க்கே உரியதாக்கி விட்டது. 1961-இல் அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிக் கூடத்துக் கணினி ஒன்று செயற்கைக் குரலிற் பாடியதும் அப்பாட்டே. பாட்டின் புகழ் வளர, வண்டியின் உண்மைப் பெருமை மறைந்தது. போருக்குப்பின் மோட்டார் வண்டி எளிய விலைக்கு வரவே, வண்டியும் சாலையினின்று மறைந்து வந்தது.

மறுப்போர் கூற்றிலும் நியாயம் இல்லாமற்போகவில்லை. டாண்டெம் நீளமானது, மாடிப்படியில் ஏறாது, இரயிலில் எளிதில் ஏற்றப்படாது. பின்னவர் கண்ணெதிரே பெரும்பாலும் முன்னவர் முதுகே நிற்கும். இருவரும் தனித்தனியே சென்றால் வேண்டிய இடத்தில் நின்று, வேண்டிய வழியில் திரும்பலாமே என்பர். உண்மை. ஒத்த வலிமையுடைய இருவருக்கு அதுவே நன்று. வலிமை ஒவ்வாத இருவருக்கோ, தனித்தனிச் சைக்கிளில் வலியவர் காத்து நிற்க வேண்டும், எளியவர் மூச்சிரைக்க வேண்டும். இருவருக்கும் பயணம் கசக்கும். டாண்டெத்தில் இருவரும் தத்தமக்கு இயன்றதைத் தந்து ஒரே நொடியில் ஊர்சேர்கின்றனர்.

இவ்வியல்பு முழுப்பயன் தருவது கண்பார்வை இல்லாதாரிடத்தில். தனிச் சைக்கிள் அவர்களுக்கு இல்லை. டாண்டெத்தின் பின்னாசனமோ பார்வையை வேண்டாது. கால்வலிமையையும் நம்பிக்கையையுமே வேண்டும். பாராலிம்பிக் பந்தயங்களில் பார்வையற்ற வீரர் பின்னும், பார்வையுள்ள துணைவர் முன்னுமாக இன்றும் டாண்டெம் ஓட்டுகின்றனர். வென்றால் இருவருக்கும் பதக்கம். ஒலிம்பிக் கைவிட்ட வண்டியை இவர்கள் கைவிடவில்லை. காற்று முகத்தில் அறைய, தன் காலால் தானே விரைந்து செல்லும் இன்பத்தைப் பார்வை இழந்த ஓர் இளைஞனுக்கு இவ்வளவு எளிதாகத் தரும் யந்திரம் வேறொன்று உண்டோ?

ஆகவே நாம் கூறுவது இது. 1890-களின் டாண்டெம்கள், தக்க பிரேக்கின்மையாலும் தேய்ந்த இணைப்புக் கம்பியாலும், பொருட்காட்சிச் சாலையில் இருத்தற்கே உரியன. அவற்றைச் சாலையில் விடுதல் உயிருக்கு ஊறு. 1930-களிலும் அதற்குப் பின்னும் வந்த எஃகு வண்டிகளோ வேறு. சட்டத்தில் வெடிப்பின்றி, பிரேக்கும் உருளையும் சங்கிலியும் சோதித்துப் புதுக்கப்பட்டால் அவை இன்னும் பல்லாண்டு ஓடும். அத்தகைய வண்டியைச் சுவரில் மாட்டுதல், பாடவல்லவனை வாய்கட்டி மேடையில் நிறுத்துவது போலும். பார்வையற்ற மாணவர் பயிலும் கல்லூரி ஒவ்வொன்றும், பழையதோ புதியதோ, ஒரு டாண்டெத்தையேனும் தன் விளையாட்டுக் கருவிகளுடன் சேர்த்தல் வேண்டும். பந்துக்கும் மட்டைக்கும் ஆண்டுதோறும் செலவிடுவதனோடு ஒப்பிட்டால் இச்செலவு தாங்கொணாததன்று. முன்னாசனத்தில் அமர விரும்பும் மாணவர், முதலில் ஒரு வாரம் பின்னாசனத்தில் கண்ணைக் கட்டிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வருவாராக. சொல்லாமல் அழுத்தும் பிரேக்கு எத்துணை அச்சந்தரும் என்பதை அறிந்த பின்னரே, பிறரொருவரை ஏற்றிச் செல்லும் தகுதி அவருக்கு உண்டாகும்.