ஒரு குடும்பம், ஒரு மனை, ஒரு துக்கம்: ‘வீடு’ படம் பாத்திருக்கீங்களா?



நம்ம பக்கத்துல எப்பவும் அரசியல் பேசுவோம். இன்னைக்கு ஒரு படத்தைப் பத்திப் பேசலாம். அதுவும் அரசியல்தான்.

1988-ல வந்த பாலு மகேந்திராவின் ‘வீடு’. பாட்டு கிடையாது, ஃபைட் கிடையாது, பஞ்ச் டயலாக் கிடையாது. பின்னணியில இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ இசை மட்டும். சிறந்த தமிழ்ப் படத்துக்கும், சுதாவா நடிச்ச அர்ச்சனாவுக்கும் தேசிய விருது கிடைச்சது.

சுதா ஆபீஸ் வேலைக்குப் போற பொண்ணு. கூட தங்கச்சியும் தாத்தாவும். வாடகை வீட்டைக் காலி பண்ணச் சொல்றாங்க. வேற வீடு தேடி அலைஞ்சு, கடைசியில இருக்கிற மனையிலயே கட்டிடலாம்னு இறங்குறாங்க. அப்புறம் லோன், அலைச்சல், சிமெண்ட்ல கை வைக்கிற கான்ட்ராக்டர். அந்தத் திருட்டைப் போட்டு உடைக்கிறது ஒரு சித்தாள், ‘பசி’ சத்யா. படிச்சவங்க தயங்குற இடத்துல உழைக்கிறவங்க நேரா பேசுறாங்க.

ஆனா மனசுல நிக்கிறது தாத்தாதான். சொக்கலிங்க பாகவதர். பாதி கட்டின வீட்டைப் பாக்கத் தனியா கிளம்பிப் போறார். சுவரைத் தொட்டுப் பாக்குறார். முகத்துல அப்படி ஒரு சந்தோஷம். அதுதான் அவரோட கடைசிப் பயணம். டைரக்டர் நம்மள அழ வைக்க எந்த முயற்சியும் பண்ணல. அதனாலதான் வலிக்குது.

அந்தத் துக்கம் ஆறுறதுக்குள்ள அடுத்த அடி. இந்த இடம் எங்களுதுன்னு குடிநீர் வாரியம் வந்து நிக்குது. சுதா கோர்ட் வாசல்ல. படம் அங்கேயே முடியுது, தீர்ப்பு இல்லாம.

இதை வாலாஜாபாத்துல உக்காந்து பாக்கும்போது பழைய படமாவே தெரியல. ஒரகடம் கம்பெனிகளுக்கு ஷிப்ட் போற நம்ம பசங்க ஒரே ரூம்ல நாலு பேர், அஞ்சு பேர்னு தங்குறாங்க. ரோடு ஓரம் பூரா மனைப்பிரிவு போர்டு. இந்தப் பக்கம் பரந்தூர். 2022-ல விமான நிலைய அறிவிப்பு வந்த பிறகு ஏகனாபுரம் மக்கள் வருஷக்கணக்கா போராடினாங்க. திட்டம் வேணுமா வேண்டாமான்னு ஆயிரம் வாதம் இருக்கலாம். ஆனா ‘நிலம் கையகப்படுத்துதல்’னு ஃபைல்ல எழுதுற ரெண்டு வார்த்தைக்குப் பின்னாடி ஒரு தாத்தா தொட்டுப் பாத்த சுவர் இருக்கு. இழப்பீட்டுக் கணக்குல அது எந்தக் காலத்துலயும் வராது.

அதனால நம்ம கோரிக்கை எளிமையானது. ஒரு மனையை எந்த அரசுத் துறையாவது எடுத்திருந்தாலோ, எடுக்கப் போறதா இருந்தாலோ, அது வாங்குறவனுக்கும் கட்டுறவனுக்கும் ஒரே இடத்துல, முன்கூட்டியே தெரியணும். லோன் வாங்கி, நகையை வித்து, தளம் போட்ட பிறகு தெரியக் கூடாது.

இந்த ஞாயித்துக்கிழமை அம்மா அப்பாவோட உக்காந்து ‘வீடு’ பாருங்க. முடிஞ்சதும், நம்ம வீடு கட்டினப்போ யாரோட நகை அடகுக்குப் போச்சுன்னு கேளுங்க. அந்தக் கதையை கமெண்ட்ல எழுதுங்க. படிக்கக் காத்திருக்கோம்.

#வீடு #பாலுமகேந்திரா #வாலாஜாபாத்