வயற்பாதையும் பிக்கப் வண்டியின் பின்வில்லும்

விளைந்த பொருளைச் சேதமின்றிச் சந்தைக்குக் கொண்டு சேர்ப்பதும் விவசாயத்தின் ஒரு பாகமேயாகும். விதைத் தேர்விலும் உரமிடுவதிலும் மிகுந்த கவனஞ் செலுத்தும் குடியானவர், களத்திலிருந்து தார் ரஸ்தா வரையிலுள்ள ஒரு கிலோமீட்டர் தூரத்தில் தமக்கு நேரும் நஷ்டத்தைப் பெரும்பாலும் கணக்கில் எழுதுவதில்லை. அந்நஷ்டத்துக்குப் பாதையின் மேடுபள்ளம் ஒரு காரணம். மற்றொரு காரணம் நாமே பணங் கொடுத்து வரவழைத்துக் கொள்வது. அஃது யாதெனில், பிக்கப் வண்டியின் பின்பக்கத்துப் பட்டை வில்லை அளவு மீறி விறைப்பாக்கி விடுதலாம். இவ்வழக்கம் கிராமங்களில் நாளுக்கு நாள் பெருகி வருவதைக் கண்டு, இதைப் பற்றிய நமது அபிப்பிராயத்தை இங்கே எழுத முன்வந்தோம்.

கட்டை வண்டிக்கும் வில் வண்டிக்கும் உள்ள வித்தியாசத்தை நம் முன்னோர் நன்கறிவர். கட்டை வண்டியில் பாரம் நேரே இருசின்மேல் உட்கார்ந்திருக்கும். சக்கரம் கல்லில் ஏறினால் பாரமும் ஏறும், பள்ளத்தில் இறங்கினால் பாரமும் இறங்கும். வில் வண்டியிலோ இருசுக்கும் மேற்கட்டுக்கும் நடுவே பட்டை வில் நின்று, அதிர்ச்சியைத் தான் வாங்கிக் கொள்ளும். வில் என்னும் பெயரே அதன் தொழிலைக் கூறுகிறது. வளைந்து நிமிர்வது வில். வளையாதது வெறும் இரும்புத் தடி. இன்று நம் கிராமங்களில் ஓடும் பொலிரோ பிக்கப், 2005ஆம் வருஷத்தில் வெளிவந்த டாட்டா ஏஸ், 2011ஆம் வருஷத்தில் வெளிவந்த தோஸ்த் ஆகிய பார வண்டிகள் எல்லாவற்றுக்கும் பின்புறம் இப்பட்டை வில்லே ஆதாரம்.

இப்படியிருக்க, வண்டி வாங்கிய ஒரு மாதத்துக்குள் அதைப் பட்டறைக்கு ஓட்டிச் சென்று, பக்கத்துக்கு இரண்டு பட்டை சேர்ப்பது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. பாரம் ஏற்றினால் வண்டி பின்னால் உட்காருகிறது என்பது அதற்குச் சொல்லப்படும் நியாயம். நாமும் அந்நியாயத்தை நம்பியவர்களே. நமது தோட்டத்து வண்டிக்கும் அவ்வாறே பட்டை சேர்த்தோம். பாரத்துடன் வண்டி நிமிர்ந்து நின்றதைக் கண்டு சந்தோஷமும் அடைந்தோம். மூன்று மாதங் கழித்து, அரைப் பாரம் வாழைத்தாருடன் ஓர் ஓடையைக் குறுக்கே கடக்கும்போது, முன்பக்கத்து இடச் சக்கரம் பள்ளத்தில் இறங்கியது. பின்பக்கத்து வலச் சக்கரம் தரையைத் தொடாமல் அந்தரத்தில் நின்று சுழன்றது. ஓட்டுநர் பதற்றத்தில் வேகத்தைக் கூட்டவே, வண்டி பக்கவாட்டில் நழுவித் திடீரென்று கீழே அடித்தது. தார்களின்மேல் உட்கார்ந்து வந்த வேலையாள் எகிறி விழுந்து காறையெலும்பு முறிந்தார். வாழைத்தாரில் பாதி விலை போகவில்லை. அவரைப் பாரத்தின்மேல் ஏற விட்டது நமது குற்றமே. அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் சக்கரம் தரையில் பதிந்து நின்றிருந்தால் அன்று வண்டி நழுவியே இராது. பிறகு வண்டியைத் தூக்கிப் பார்த்தபோது, வில் மாட்டியிருக்கும் தாங்கியின் அருகில் சாசியில் கீறலும் விட்டிருந்தது.

இது நேர்ந்த காரணத்தைச் சற்று விளக்குவோம். மேடுபள்ளமான பாதையில் இரண்டு பின் சக்கரங்களும் ஒரே மட்டத்தில் நிற்பதில்லை. ஒன்று ஏறும்போது மற்றொன்று இறங்க வேண்டும். அதாவது இருசு சாய வேண்டும். ஏறிய பக்கத்து வில் தட்டையாகவும், இறங்கிய பக்கத்து வில் அதிகமாக வளைந்து தொங்கவும் இடங் கொடுத்தால்தான் நான்கு சக்கரங்களும் மண்ணைப் பற்றும். வில் விறைத்திருந்தால் இறங்க வேண்டிய சக்கரம் இறங்காது. பின் இருசிலுள்ள டிபரென்ஷியல் இரண்டு சக்கரங்களுக்கும் ஏறக்குறையச் சமமான முறுக்கு விசையையே தரக் கூடியது. ஆகவே ஒன்று அந்தரத்தில் வீணே சுழலுமானால் மற்றதற்கும் இழுக்கும் பலம் கிடையாது. சேற்றில் மாட்டிய வண்டியை எடுக்க டிராக்டரைத் தேடி ஓடும் சந்தர்ப்பங்களில் பல, வில் வளையாமையால் வந்தவை என்பதை அநேகர் உணர்வதில்லை.

இனிக் கணக்கைப் பார்ப்போம். ஐந்து பட்டை உள்ள வில்லில் அதே கனமுள்ள இரண்டு பட்டை சேர்த்தால், விறைப்பு ஏறக்குறைய நூற்றுக்கு 40 பங்கு கூடும். கனமான பட்டையைச் சேர்ப்பது இதனினும் கேடு. பட்டையின் கனம் இருமடங்கானால் அதன் தாங்கும் பலம் நான்கு மடங்கே ஆகிறது; விறைப்போ எட்டு மடங்காகிறது. இதைத் திருப்பிப் பார்த்தால் ஒரு நல்ல உபாயம் கிடைக்கும். 12 மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு பட்டை தாங்குவதை 6 மில்லிமீட்டர் கனமுள்ள நான்கு பட்டைகளும் தாங்கும். ஆனால் அந்நான்கும் சேர்ந்து இருமடங்கு வளைந்து கொடுக்கும். வில்லின் நீளமும் இவ்வாறே முக்கியமானது. மற்றவை மாறாமல் நீளம் மட்டும் பத்தில் ஒரு பங்கு கூடினால் விறைப்பு ஏறக்குறையக் கால் பங்கு குறையும். மெல்லிய பட்டைகள் பல சேர்ந்த நீண்ட வில்லே கரடுமுரடான பாதைக்கு ஏற்றது என்பது இதனால் விளங்கும்.

பட்டை சேர்ப்பதால் வில்லின் பலம் கூடுகிறதே எனலாம். வில்லின் பலம் கூடுகிறது, மெய்தான். இருசின் பலமோ, டயரின் பலமோ, பிரேக்கின் பலமோ ஓர் அணுவளவும் கூடவில்லை. வில் வாங்க மறுத்த அதிர்ச்சி முழுவதும் அவற்றின்மேல் பாய்கிறது. சில வண்டிகளில் பாரத்துக்குத் தக்கபடி பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று, இருசுக்கும் சாசிக்கும் உள்ள இடைவெளியை அளவாகக் கொண்டு வேலை செய்கிறது. பட்டை சேர்த்து வண்டியை உயர்த்தினால், பாரம் இருந்தும் இல்லாதது போல் அவ்வால்வு ஏமாந்து, பின் பிரேக்கின் அழுத்தத்தைக் குறைத்துவிடும். பாரத்துடன் இறக்கத்தில் வரும் வண்டிக்கு இது எத்தகைய ஆபத்து என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

நிற்க. வில் நன்றாக வளைவதற்குச் செய்யத்தக்கவை யாவை? புதிதாக எதையும் வாங்குமுன், உள்ள வில் தன் வேலையைச் செய்கிறதா என்று பார்க்க வேண்டும். காலி வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஒரு பின் சக்கரத்தை மட்டும் சுமார் 15 சென்டிமீட்டர் உயரமுள்ள உறுதியான கட்டையின்மேல் மெதுவாக ஏற்றுக. வண்டியின் கீழே ஒருவரும் செல்லலாகாது. ஏறிய பக்கத்து வில் தட்டையாகி, மறுபக்கத்து வில் வளைந்தால் நலமே. வில் இரண்டும் அசையாமல் தொட்டி முழுவதும் இருசுடன் சேர்ந்து சாய்ந்தால், கோளாறு இருக்கிறது என அறிக.

அக்கோளாறு பெரும்பாலும் துருவினால் வருவது. வில் வளையும்போது பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று நழுவ வேண்டும். துருவும் சேறும் இடையில் இறுகினால் ஐந்து பட்டைகளும் ஒரே கட்டியாகி விடும். மழைக்காலம் முடிந்தவுடன் வருஷத்துக்கு ஒரு முறை வில்லைக் கழற்றி, பட்டைகளைத் துடைத்துத் துருவைத் தேய்த்தெடுத்து, கிராபைட் கலந்த கிரீஸை மெல்லியதாகத் தடவிப் பூட்டுவது உத்தமம். பட்டைகளின் நுனியில் பிளாஸ்டிக் வில்லை வைத்துள்ள வில்லுக்குக் கிரீஸ் வேண்டுவதில்லை. பட்டைகளின் உராய்வு குறைந்தால் துள்ளலை அடக்கும் பொறுப்பு ஷாக் அப்சார்பரின்மேல் அதிகமாக விழுமாதலால், எண்ணெய் கசியும் ஷாக் அப்சார்பரையும் அப்போதே மாற்றிவிட வேண்டும்.

இரண்டாவது, ஷேக்கிள் என்று பட்டறையில் வழங்கும் தொங்கு இணைப்பு. வில் தட்டையாகும்போது அதன் இரு கண்களுக்கும் இடையிலுள்ள தூரம் நீளும். அந்நீட்சிக்கு இடங்கொடுக்கவே ஷேக்கிள் ஊசலாடுகிறது. அது துருவேறி இறுகினால் எவ்வளவு நல்ல வில்லும் வளையாது. ரப்பர் புஷ் உள்ள இணைப்புகளுக்குக் கிரீஸ் இடலாகாது. ரப்பர் ஊதிக் கெட்டுவிடும். அவற்றின் போல்ட்டுகளைக் கடைசியாக முடுக்கும்போது வண்டியின் எடை சக்கரங்களின்மேல் நிற்க வேண்டும். தூக்கி நிறுத்திய நிலையில் முடுக்கினால், வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுக்கேறிச் சீக்கிரம் கிழியும். இச்சிறு விஷயத்தை நமது பட்டறைகளில் பலர் கவனிப்பதில்லை. சொந்தக்காரர் அருகே நின்று கேட்டுக்கொள்வது நலம்.

மூன்றாவது, யூ போல்ட்டுகள். வில்லை இருசுடன் பிணைக்கும் இவை தளர்ந்தால், நடுப்போல்ட் ஒடிந்து இருசே இடம்விட்டு நகரும். வில்லைப் பூட்டியபின் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி முடுக்க வேண்டும். பட்டைகளைக் கூட்டிப் பிடிக்கும் கிளிப்புகளைச் சிலர் அதிகமாக வளையட்டும் என்று கழற்றி எறிகிறார்கள். சக்கரம் கீழே தொங்கும்போது பாரம் முழுவதும் தலைப்பட்டை ஒன்றின்மேலேயே விழாமல் காப்பவை அவை. பட்டை நழுவச் சிறிது இடைவெளி இருந்தால் போதும். கிளிப் இருந்தே தீர வேண்டும்.

ஒடிந்த பட்டையைக் கொல்லுலையில் காய்ச்சி ஒட்டுவதும் கூடாது. வில்லின் எஃகு, எண்ணெயில் தோய்த்துப் பதமாக்கப்பட்டது. உலையில் பழுக்கக் காய்ச்சினால் அப்பதம் போய்விடும். பழைய பட்டையில் அரிவாள் அடிப்பதுண்டு. அரிவாளுக்குக் கொல்லர் வேறு பதம் ஏற்றுகிறார். அரிவாளின் பதம் வில்லுக்கு உதவாது. ஒடிந்தால் அதே அளவுள்ள புதுப்பட்டை போடுவதே சிக்கனம்.

ஆனால், வருஷத்தில் சில நாட்கள் நிறைபாரம் ஏற்றித்தான் ஆக வேண்டும் என்பவருக்கு வழி என்ன? அத்தகையோர் துணைவில் அமைந்த வண்டியைத் தேர்ந்தெடுக்கலாம். துணைவில் என்பது முதன்மை வில்லுடன் எப்போதும் சேர்ந்து வேலை செய்வதன்று. பாரம் ஏறி வண்டி சிறிது தாழ்ந்த பிறகே தாங்கியைத் தொட்டுத் தோள் கொடுப்பது. ஆகவே காலியாகவும் அரைப்பாரத்துடனும் செல்லும்போது வில் மென்மையாகவே இருக்கும். எந்த வில்லாயினும் பதிவுப் புத்தகத்தில் கண்ட மொத்த எடையே எல்லை. வண்டி உட்காருவது, எல்லை கடந்தது என்று வில் நமக்குக் கூறும் எச்சரிக்கை. பட்டை சேர்ப்பவர் அவ்வெச்சரிக்கையின் வாயை அடைக்கிறாரேயன்றி, எல்லையை நகர்த்திவிடவில்லை. 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரித்தவர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019ஆம் வருஷத்துத் திருத்தத்தின்படி, மிகைப்பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாயும், மிகுந்த ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் ஆகும். இரண்டு நடையில் கொண்டுபோக வேண்டியதை ஒரே நடையில் கொண்டுபோய் மிச்சம் பிடித்த டீசல் செலவு, ஓர் அபராதத்துக்குக் காணாது.

வளைவு வேண்டும் என்று நாம் சொல்வதையும் அளவு கடந்து கொள்ளலாகாது. மலைப்பாறைகளில் பந்தயத்துக்கென ஏறும் வண்டிகளைப் பார்த்து, நீண்ட ஷேக்கிள் மாட்டிச் சக்கரத்தை அதிகம் தொங்கவிடுவோரும் உண்டு. சக்கரம் இறங்கும் அளவுக்குப் பிரேக் குழாயும் ஷாக் அப்சார்பரும் நீளாவிடில், குழாய் அறுந்து பிரேக் அற்றுப்போகும். பார வண்டிக்கு வேண்டுவது தயாரித்தவர் கொடுத்த வளைவு குறையாமல் இருப்பதே.

கிராம அதிகாரிகளுக்கும் ஊராட்சியாருக்கும் ஒரு விண்ணப்பம். வயற்பாதையைக் குறுக்கே வெட்டிச் செல்லும் வாய்க்கால்களுக்குக் குழாய் பதித்து மண் மூடுவதும், ஓடை இறங்கும் கரைகளைச் சாய்வாக வெட்டிக் கல் பாவுவதும் பெருஞ் செலவன்று. ஒரு பக்கச் சக்கரம் மட்டும் விழும் பள்ளமே வண்டியை அதிகம் முறுக்குவது; ஆதலால் அத்தகைய இடங்களை முதலில் சீர்படுத்துக. பார வண்டியின்மேல் ஆட்களை ஏற்றிச் செல்வதைக் கண்டால், தெரிந்தவர் என்று பாராமல் தடுத்து நிறுத்துக.

நமது வண்டியில் சேர்த்த பட்டைகளைப் பின்னர் கழற்றிவிட்டோம். அவை இப்போது தோட்டத்துக் கொட்டகையின் மூலையில் கிடக்கின்றன. விழுந்த வேலையாளின் தோள் கூடிவிட்டது. ஆயினும் நிறைகுடத்தை அந்தக் கையால் அவர் தூக்குவதில்லை. நமது பிழையால் அவருக்கு நேர்ந்தது மற்றொருவருக்கு நேராதிருக்க வேண்டுமென்பதே இதை எழுதியதன் நோக்கம். வாசகர்கள் அடுத்த முறை பட்டறைக்குச் செல்லும்போது, பட்டை சேர்க்கச் சொல்லுமுன், உள்ள பட்டைகளின் துருவைத் துடைக்கச் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறோம்.