நாலு இன்ஜின் போகட்டும், மிச்சம் யாருக்கு?

2024 ஏப்ரல் 22 அன்று ஏர் இந்தியாவின் ஜம்போ விமானம் மும்பையை விட்டுக் கடைசியாகக் கிளம்பியது. பயணிகள் யாருமில்லை. அமெரிக்காவில் பிரித்து உதிரி பாகம் எடுப்பதற்காகப் போனது. இறக்கையை இருபுறமும் சாய்த்து விடைபெற்ற அந்த வீடியோ எங்கள் ஊரான அம்மையார்குப்பம் வரை வந்துவிட்டது. 1971-ல் வந்த முதல் ஜம்போவுக்கு அசோகச் சக்கரவர்த்தி பெயர். பின்னால் வந்தவற்றில் ஒன்றுக்குத் தஞ்சாவூர் பெயர். ஜன்னலுக்கு ஜன்னல் அரண்மனை வளைவு வரைந்திருப்பார்கள். அழகுதான். அதற்காக அழ நான் தயாரில்லை.

நான் விசைத்தறி ஓட்டுகிறவன். தறி கூடினால் பழுதும் கூடும். ஜம்போவுக்கு நாலு இன்ஜின் என்றால் நாலையும் பராமரிக்க வேண்டும், நாலுக்கும் தீனி போட வேண்டும். 747-400 ஜம்போ மணிக்குச் சுமார் பத்து டன் எரிபொருள் குடித்தது. போயிங்கின் இரட்டை இன்ஜின் ட்ரீம்லைனர் விமானத்துக்கு அதில் ஏறக்குறையப் பாதி போதும். ஏர் இந்தியாவில் அதற்கு 423 இருக்கை, இதற்கு 256. வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு ஆறில் ஒரு பங்காவது மிச்சம்.

"நாலு இருந்தா, ஒண்ணு போனாலும் மூணு இருக்குமே" என்பது என் மனைவியின் கட்சி. 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் ஏர் இந்தியாவின் ட்ரீம்லைனர் விழுந்த விபத்துக்குப் பிறகு ஊரில் பாதிப் பேர் அவள் பக்கம். இரண்டு இன்ஜின்களின் எரிபொருள் சுவிட்சுகளும் ஒரு நொடி இடைவெளியில் அணைநிலைக்குப் போயின என்றுதான் முதல்கட்ட அறிக்கை சொன்னது. இன்ஜின் குறைவாக இருந்ததுதான் காரணம் என்று அதில் எங்குமில்லை.

அவளுக்கு நான் சொல்வது வேறொரு கதை. 1982 ஜூன் 24. லண்டனிலிருந்து பம்பாய், மெட்ராஸ், கோலாலம்பூர் என்று நின்று நின்று ஆக்லாந்து போகிற பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஜம்போ. ஜாவா பக்கம் கலுங்குங் எரிமலை கக்கிய சாம்பலுக்குள் ராத்திரியில் புகுந்துவிட்டது. நாலு இன்ஜினும் அடுத்தடுத்து நின்றன. 37,000 அடி உயரத்திலிருந்து சறுக்கிக்கொண்டே இறங்கி, சாம்பலைத் தாண்டிய பிறகுதான் திரும்ப உயிர் வந்தது. ஜகார்த்தாவில் இறங்கினார்கள், 263 பேரும் பிழைத்தார்கள். நாலும் ஒரே காற்றைத்தானே இழுக்கின்றன!

இரட்டை இன்ஜின் விமானத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கடலுக்கு மேல் விடவும் இல்லை. ஒரு இன்ஜின் நின்றால் 60 நிமிடத்தில் எட்டும் தூரத்தில் விமான நிலையம் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1953-ல் விதித்தது. 1985-ல்தான் அது 120 நிமிடமானது. ட்ரீம்லைனருக்கு இப்போது 330 வரை அனுமதி உண்டு.

என் சண்டை வேறு இடத்தில். மிச்சமான பணத்தில் பயணிக்கு என்ன வந்தது? வரிசைக்கு எட்டு இருக்கை என்றுதான் போயிங் ட்ரீம்லைனரை முதலில் காட்டியது. பெரும்பாலான நிறுவனங்கள் ஒன்பது போட்டுவிட்டன. ஜப்பான் ஏர்லைன்ஸ் தன் வெளிநாட்டுப் பயணங்களில் எட்டோடு நிறுத்திக்கொண்டது. முடியாததல்ல என்பதற்கு அது போதும்.

அதைவிடப் பெரிய பாக்கி ஒன்று இருக்கிறது. ஜம்போவை நிரப்ப நானூறு பேர் வேண்டும். அதனால் எல்லோரையும் பெருநகரங்களில் கொண்டுபோய்க் குவித்தார்கள். சின்ன விமானத்துக்கு அந்தக் கட்டாயமில்லை. 2021 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு, விமானி அறையில் பெண்கள் மட்டுமே இருந்து, இரட்டை இன்ஜின் போயிங் 777-ஐ நேராக ஓட்டி வந்தார்கள். சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கு இன்னும் நேர் விமானம் கிடையாது. என் மகள் நியூ ஜெர்சியில் இருக்கிறாள். மீனம்பாக்கத்தில் ஏறி, துபாயிலோ தோஹாவிலோ இறங்கி உட்கார்ந்து, சர்க்கரை மாத்திரையை எந்த ஊர் மணிக்குப் போடுவது என்று நானும் என் மனைவியும் விழிக்கிறோம். சென்னையில் கூட்டம் போதாது என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன். துபாய் விமானத்தில் எங்களோடு ஏறுகிறவர்கள் யாராம்?

ஏர் இந்தியா 2023 பிப்ரவரியில் 470 விமானங்கள் வாங்கப்போவதாக அறிவித்தது. அதில் ஒன்றைச் சென்னைக்கு ஒதுக்கட்டும். வாரம் மூன்று நாள் விட்டால் போதும். ஆடிக் கிருத்திகை அன்று மட்டும் வேண்டாம். காவடிக் கூட்டத்தில் எங்களால் திருத்தணியைத் தாண்டிச் சென்னைக்கு வர முடியாது.