ராவல்பிண்டி மைதானமும் கராச்சி நாற்காலிகளும்

லியாகத் அலி கானைக் கொல்லச் சொன்னது யார்? எழுபது ஆண்டுகள் தாண்டியும் பாகிஸ்தானில் இந்தக் கேள்வி ஓயவில்லை. அமெரிக்கா என்பார்கள், ஆப்கானிஸ்தான் என்பார்கள், உள்ளூர் அரசியல்வாதிகள்தான் என்று அடித்துச் சொல்வார்கள்.

1951 அக்டோபர் 16. ராவல்பிண்டி கம்பெனி பாக் மைதானத்தில் பேச எழுந்த பிரதமரைச் சுட்டவன் சைத் அக்பர். அரசு கொடுத்த உதவித்தொகையில் அபோட்டாபாத்தில் வாழ்ந்த ஆப்கானியன். போலீஸின் கண்காணிப்பில் இருந்தவன். அப்படிப்பட்டவனுக்கு மேடைக்கு எதிரே, முன்வரிசையில் இடம் கிடைத்திருக்கிறது. அவன் சுட்ட சூட்டோடு சூடாகப் போலீஸ் அவனையும் அங்கேயே சுட்டுக் கொன்றது. புலன்விசாரணை செய்த உயர் அதிகாரி மறு ஆண்டு ஆகஸ்டில் விமான விபத்தில் இறந்தார். சதிக்கதை எழுதுகிறவனுக்கு வேறென்ன வேண்டும்?

எனக்கு அந்தக் கதைகளில் ருசி குறைவு. ஏவியவன் யாரோ, போகட்டும். அதற்குப் பிறகு நடந்தவற்றில் மர்மமே கிடையாது. எல்லாம் பகிரங்கமாக, கையெழுத்துப் போட்டு நடந்தவை.

பக்கத்தில் இந்தியாவைப் பாருங்கள். காந்தியைக் கொன்றவனை உயிரோடு பிடித்து, செங்கோட்டையில் வழக்கு நடத்தி, அவன் பேச்சையும் கேட்டு, மேல்முறையீடும் முடிந்த பிறகே 1949 நவம்பரில் தூக்கிலிட்டார்கள். லியாகத் விழுந்த ஒன்பதே நாளில் இந்தியாவில் முதல் பொதுத்தேர்தல் வாக்குப்பதிவு தொடங்கிவிட்டது. பாகிஸ்தானில் அதற்கு 1970 வரை காத்திருந்தார்கள். நாம் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் இங்கே அரசியல் சட்டம் 1950-லேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. அங்கே எழுதி முடிக்கவே 1956 ஆயிற்று.

ஜின்னா 1948-லேயே போய்விட்டார். இப்போது லியாகத்தும் இல்லை. கவர்னர் ஜெனரலாக இருந்த நாஜிமுதீன் பிரதமர் ஆனார். நிதியமைச்சர் குலாம் முகமது, அதிகாரியாக வாழ்க்கையைத் தொடங்கியவர், கவர்னர் ஜெனரல் நாற்காலிக்குப் போனார். 1953 ஏப்ரலில், சபையில் பட்ஜெட்டை நிறைவேற்றிய கொஞ்ச நாளிலேயே நாஜிமுதீனை அவர் வீட்டுக்கு அனுப்பினார். மறு ஆண்டு அரசியல் நிர்ணய சபை விழித்துக்கொண்டு அவருடைய அதிகாரத்தைக் கத்தரித்தது. அக்டோபர் 24 அன்று அவர் சபையையே கலைத்தார்.

சபைத் தலைவர் தமிசுதீன் கான், வங்காளி, கோர்ட்டுக்குப் போனார். சிந்து தலைமை நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 1955 மார்ச்சில் ஃபெடரல் கோர்ட் அதைப் புரட்டிப்போட்டது. சபை இயற்றிய சட்டத்துக்குக் கவர்னர் ஜெனரலின் ஒப்புதல் இல்லையாம், ஆகவே செல்லாதாம்! அவர் கையைக் கட்டவும் அவர் கையெழுத்தே வேண்டும். ஐவரில் ஒருவர் மட்டும் மறுத்தார்: நீதிபதி கார்னிலியஸ். தலைமை நீதிபதி முகமது முனீர். லியாகத் கொலையை விசாரித்த கமிஷனுக்கும் இவர்தான் தலைவர். அந்தக் கமிஷன் சதிக்கு முடிவு கண்டுபிடிக்கவில்லை, அதைக்கூட மன்னிக்கலாம்.

லியாகத்துக்குப் பின் ஏழே ஆண்டுகளில் ஆறு பிரதமர்கள். அவர்களில் சுந்த்ரிகர் இரண்டு மாதம்கூடத் தாங்கவில்லை. 1958 செப்டம்பரில் டாக்காவில், கிழக்குப் பாகிஸ்தான் சட்டசபைக்குள்ளேயே துணைச் சபாநாயகர் ஷாகித் அலி தாக்கப்பட்டு இறந்தார். சபைக்குள்ளேயே கொலை விழுந்த பிறகு ராணுவத்தைக் கூப்பிடச் சாக்கா இல்லை? அக்டோபர் 7 அன்று ஜனாதிபதி இஸ்கந்தர் மிர்சா ராணுவச் சட்டம் கொண்டுவந்தார். இருபதாம் நாள், 27 அன்று, ஜெனரல் அயூப் கான் அவரையே இறக்கிவிட்டார். அதே 27-ஆம் தேதி முனீரின் உச்ச நீதிமன்றம் டோசோ வழக்கில் தீர்ப்பு வழங்கியது: வெற்றி பெற்ற புரட்சி தன்னைத்தானே சட்டமாக்கிக்கொள்ளும் என்று.

முனீர் 1960-ல் ஓய்வு பெற்றார். 1962-ல் அயூப் கானின் அமைச்சரவையில் அவர் சட்ட அமைச்சர்.