கல் பங்களாவும் கணப்பும்

ஊட்டியின் முதல் வீடு எது என்றால் பள்ளிக்கூடத்துப் பையன்கூட கல் பங்களா என்பான். கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1822-ல் கட்டத் தொடங்கியது. இன்று அரசு கலைக் கல்லூரி வளாகத்துக்குள் நிற்கிறது. 2022-ல் ஊட்டிக்கு இருநூறு வயது என்று அரசாங்கமே விழா எடுத்து, சல்லிவனுக்குச் சிலையும் வைத்தாயிற்று. அதற்கு முன்பு தோடர்கள் மந்துகளில் மழையில் நனைந்துகொண்டா நின்றார்கள்?

இந்த 'முதல்' ஒரு பம்மாத்து. கல்லும் நேர்ச்சுவரும் கண்ணாடி ஜன்னலும் இருந்தால்தான் வீடு என்கிற இரவல் ரசனை. ('பங்களா' என்ற சொல்லே வங்காளத்துக் கூரைவீட்டிலிருந்து போனது என்பது வேறு விஷயம்.) கல்தான் கணக்கென்றால், எங்கள் பழனி மலையில் தாண்டிக்குடியிலும் பேத்துப்பாறையிலும் பலகைக்கல் நிறுத்தி மூடுகல் ஏற்றிய கற்திட்டைகள் இருக்கின்றன. ஆங்லேட், நியூட்டன் என்ற இரண்டு பாதிரிமார் 1928-லேயே அவற்றைப் பற்றிப் புத்தகம் போட்டார்கள். செத்தவர்களுக்காகக் கட்டியவை என்பீர்கள். கட்டத் தெரிந்திருந்தது என்பதுதான் என் கட்சி.

தோடர் வீடு மூங்கிலை வளைத்து, பிரம்பால் கட்டி, புல் வேய்ந்த அரைப் பீப்பாய். தவழ்ந்து நுழைகிற வாசல். காற்றும் மழையும் வழுக்கிக்கொண்டு போகும். உள்ளே அடுப்புச் சூடு தங்கும். வாசல் சிறுத்ததைக் காட்டுமிராண்டித்தனம் என்பவர் ஊட்டியில் ஒரு ஜூலை ராத்திரி படுத்துப் பார்க்கட்டும்.

பங்களாவுக்குக் கணப்பு வேண்டும். கணப்புக்கு விறகு வேண்டும். பங்களாக்கள் பெருகிச் சோலை மரம் போதாமல் போனபோது ஆஸ்திரேலியாவிலிருந்து யூகலிப்டஸும் சீகையும் வந்தன; புல்வெளி போயிற்று. பிற்பாடு தோல் பதனிடவும் ரேயானுக்கும் இன்னும் நட்டார்கள், சரி. ஆரம்பம் கணப்பு. கட்டிடக்கலை பற்றி எழுதுகிறவர்கள் ஜன்னல் வளைவை வர்ணிப்பார்கள். புகைபோக்கி எதைத் தின்றது என்று கேட்கமாட்டார்கள்.

1845-ல் அமெரிக்க மிஷனரிகள் கோடைக்கானலில் இரண்டு பங்களா கட்டினார்கள். பழனி மலையிலும் பின்னர் புல்வெளிகள் போய்ச் சீகையும் பைனும் நிற்கின்றன. வரதமாநதி அணைக்கும் பாலாறு-பொருந்தலாறு அணைக்கும் இறங்கிவருவது அந்த மலையின் சோலையும் புல்லும் பிடித்துவைத்த ஈரம். பழனிக்காரனுக்கு இது ரசனைப் பிரச்னை மட்டுமல்ல.

சல்லிவன் மேல் கோபமில்லை. தோடரின் நில உரிமைக்காகக் கம்பெனி அதிகாரிகளோடு வாதாடியவர் அவர். கோபம் நம்மவர்கள்மீது. தோடர்களுக்கு அரசாங்கப் பணத்தில் நேர்ச்சுவர்க் கான்கிரீட் வீடு கட்டித் தந்தாயிற்று. அரைப் பீப்பாய் வீடு தாவரவியல் பூங்காவுக்கு மேலே டூரிஸ்டுகள் போட்டோ எடுத்துக்கொள்ள நிற்கிறது.