அயலார் இட்ட பெயர்

இசுக்காட்லாந்தில் கிளைடு ஆற்றங்கரையில் தம்பார்ட்டன் என்றொரு பழவூர் உண்டு. பண்டை எரிமலையொன்று விட்டுச்சென்ற இரட்டைமுடிப் பாறையே அதன் தாய். அப்பாறைமேல் அரண் எடுத்து ஆண்டவர் பிரித்தனர். அவர்தம் மொழி இன்றைய வேல்சு மொழிக்கு உடன்பிறப்பு. தம் அரணை அவர்கள் 'ஆல்ட் குளூட்' என்றனர். கிளைடின் பாறை என்பது பொருள். 731-இல் தம் வரலாற்று நூலை முடித்த பீட் என்னும் ஆங்கிலத் துறவியும் இப்பொருளையே எழுதிவைத்தார்.

870-இல் வடபுலக் கடலோடி வேந்தர் ஓலாவும் இவாரும் 4 திங்கள் முற்றுகையிட்டு அவ்வரணை அழித்தனர். மறு ஆண்டு 200 கப்பல்களுடன் அவர்கள் அயர்லாந்தின் தப்ளினுக்கு மீண்டபோது கொள்ளைப் பொருளாய்ச் சென்றவர் யார்? மக்களே! பிரித்தனர், ஆங்கிலர், பிக்தர் எனப் பெருந்திரள். எஞ்சியோர் ஆற்றின் மேற்புறத்தே கோவன் பக்கம் ஒதுங்கி அரசை நடத்தினர். 11ஆம் நூற்றாண்டில் அவ்வரசு இசுக்காட்டு அரசுள் கரைந்தது. மொழியும் அதன்பின் நெடுநாள் வாழவில்லை.

பாறையோ நின்றது. கேலிக் பேசிய அண்டையார் அதனைத் 'தூன் பிரெட்டன்' என்றனர். பிரித்தனரின் அரண் என்பதாம். (தூன் என்றதும் நம் தூணோடு உறவு கொண்டாட வேண்டா, ஒலியொப்புமை ஒன்றே வேர்காணப் போதாது.) தன் வீட்டைத் 'தமிழன் வீடு' என்று எந்தத் தமிழனும் சொல்லான், அயலானே அவ்வாறு சுட்டுவான். அச்சுட்டே ஊர்ப்பெயராய் நிலைத்தது. 1222-இல் அரசன் இரண்டாம் அலெக்சாந்தர் நகருரிமை வழங்கியதும் அவ்வூருக்கே. ஊர்ப்பெயரில் மகரமாய்த் திரிந்த ஒற்று, 'தன்பார்ட்டன்சயர்' என்னும் வட்டாரப் பெயரில் இன்றும் னகரமாகவே நிற்கிறது.